ரவுட்டர் மாறும்போது தெரியும் பிரிண்டரின் குணம்

பிரிண்டர் விமர்சனம் என்றாலே நிமிடத்துக்கு எத்தனை பக்கம், ஒரு பாட்டில் மை எத்தனை மாதம் வரும் என்றுதான் பேச்சு போகும். வைஃபை பற்றி ஒரே வரி: 'சுலபமாக இணைந்தது'. பெட்டியைப் பிரித்த அன்று எந்தப் பிரிண்டரும் சுலபமாகத்தான் இணையும். ஆப் கையைப் பிடித்து அழைத்துப் போய்விடும். ரவுட்டரை மாற்றிய அன்றோ வைஃபை பாஸ்வேர்டை மாற்றிய அன்றோதான் வண்டவாளம் வெளியே வரும். ஹெச்பி, எப்சன், கேனான், பிரதர் ஆகிய நான்கின் வீட்டு மாடல்களை இங்கே அந்த ஒரு கோணத்தில் மட்டும் பார்க்கிறோம். நெட்வொர்க் விவரம் எங்கே இருக்கிறது, அதை எப்படி மாற்றுவது, இணைப்பு கிடைக்காவிட்டால் காரணத்தைப் பிரிண்டர் வாய் திறந்து சொல்கிறதா?

முதல் சோதனை: கணினியும் ஆப்பும் இல்லாமல், பிரிண்டரில் இருக்கும் பட்டன்களை மட்டும் வைத்து அதன் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் பிரிண்டரைக் குறிக்கும் எண்) கண்டுபிடிக்க முடிகிறதா?

எப்சனின் திரை இல்லாத டேங்க் மாடல்கள் (எல்3150, எல்3250 வகை) இதில் நன்றாகத் தேறுகின்றன. காகிதமும் 'ஐ' எழுத்தும் வரைந்த பட்டனை ஒருமுறை தட்டினால் நெட்வொர்க் இணைப்பு அறிக்கை அச்சாகும். எல்3150இல் அதே பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் இன்னும் விரிவான நிலவரத் தாள் வரும். ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க் (வீட்டு நெட்வொர்க்கின் எல்லையைக் குறிக்கும் எண்), கேட்வே (ரவுட்டரின் முகவரி), மேக் முகவரி (கருவியின் சொந்த அடையாள எண்) எல்லாம் அதில் உண்டு. ஹெச்பி டெஸ்க்ஜெட் 2700 வரிசையில் கொஞ்சம் விரல் வித்தை வேண்டும். 'ஐ' பட்டனை மூன்று விநாடி பிடித்தால் எல்லாப் பட்டன்களும் ஒளிரும். பிறகு 'ஐ'யையும் ரெஸ்யூமையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஒருமுறை தெரிந்துகொண்டால் மறக்காது, ஆனால் யாராவது சொல்லாமல் தானாகத் தெரிய வழியே இல்லை. கேனானின் பழைய ஜி3000 வகையில் வைஃபை பட்டனைப் பிடித்து, ஆன் விளக்கு சிமிட்டியதும் விட்டு, மறுபடி வைஃபை பட்டனை அழுத்த வேண்டும். பின்னால் வந்த மாடல்களில் தகவலுக்கென்றே தனிப் பட்டன் வந்துவிட்டது. பிரதரில் பெரும்பாலும் ஒரு வரித் திரையாவது இருப்பதால் மெனுவில் அச்சு அறிக்கைகள், அதில் நெட்வொர்க் கான்ஃபிக் என்று போனால் முடிந்தது.

கையில் வந்த தாளில் முதலில் பார்க்க வேண்டியது ஐபி முகவரியின் தொடக்கம். 192.168 அல்லது 10 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுத்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து எதுவும் கிடைக்காமல் பிரிண்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த முகவரியை பிரவுசரில் எத்தனை முறை அடித்தாலும் பயனில்லை. 0.0.0.0 என்றால் இணைப்பே ஏற்படவில்லை.

தோல்விக்குக் காரணம் சொல்வதில் பிரதருக்குத்தான் முதல் மதிப்பெண். வைஃபை அமைப்பு தோற்றதும் தானாகவே ஒரு அறிக்கையை அச்சிட்டு, அதில் ஒரு குறியீட்டையும் தருகிறது. டிஎஸ்-01 (TS-01) என்றால் பிரிண்டரில் வைஃபையே இயக்கத்தில் இல்லை (சில மாடல்களில் லேன் கேபிள் செருகியிருந்தால் இது வரும்). டிஎஸ்-02 என்றால் ரவுட்டரையே காணோம்: தூரம், அல்லது ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் ஓடுகிறது. டிஎஸ்-04 வந்தால் ரவுட்டரின் பாதுகாப்பு முறை பிரிண்டருக்குப் புரியவில்லை. டிஎஸ்-05 என்றால் வைஃபை பெயரோ பாஸ்வேர்டோ தவறு. டிஎஸ்-08 இன்னும் வேடிக்கை: ஒரே நேரத்தில் இரண்டு ரவுட்டர்களில் டபிள்யூபிஎஸ் பட்டன் (பாஸ்வேர்டு தட்டாமல் கருவியை இணைக்கும் பட்டன்) அழுத்தப்பட்டிருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இது நடக்கும். இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி அழுத்தினால் போதும்.

எப்சனின் அறிக்கையும் இதற்குச் சளைத்ததல்ல. இ-2, இ-3, இ-7 மூன்றும் வைஃபை பெயர், பாஸ்வேர்டு பக்கம் விரலை நீட்டுகின்றன. இ-5 என்றால் பாதுகாப்பு முறை பொருந்தவில்லை. இ-6 வந்தால் ரவுட்டரில் மேக் வடிகட்டல் (மேக் முகவரியைப் பார்த்துக் கருவிகளை அனுமதிப்பது) போட்டு வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இ-8 என்றால் பாஸ்வேர்டு வரை எல்லாம் சரி, ஐபி முகவரிதான் ஒழுங்காக அமையவில்லை. இந்தக் கடைசி வித்தியாசம் தெரியாமல்தான் பலர் சரியான பாஸ்வேர்டையே பத்து முறை தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹெச்பியின் வயர்லெஸ் சோதனைத் தாளில் குறியீடு இல்லை. ஒவ்வொரு படிக்கும் தேறியது, தோற்றது என்று எழுதியிருக்கும். கூடவே, பிரிண்டர் இருக்கும் இடத்தில் எந்தெந்த வைஃபை பெயர்கள் தெரிகின்றன, எந்த சேனலில், எவ்வளவு சிக்னலில் என்றும் பட்டியல் தருகிறது. உங்கள் வைஃபை பெயரே அதில் இல்லையென்றால் பாஸ்வேர்டைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. பிரிண்டரை நகர்த்துவதா, ரவுட்டரைத் திருத்துவதா என்பதை இந்தத் தாளை வைத்தே முடிவு செய்துவிடலாம். இந்த விஷயத்தில் கேனான் பின்தங்குகிறது. தற்போதைய அமைப்பைத் தெளிவாக அச்சிடுகிறது. ஏன் இணையவில்லை என்று கேட்டால் மற்ற மூன்றும் சொல்லும் அளவுக்குச் சொல்வதில்லை.

புது ரவுட்டரோடு சேராததற்குக் காரணம் பெரும்பாலும் பிரிண்டரில் இல்லை, ரவுட்டரில் இருக்கிறது. வீட்டுப் பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. புது ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயரை வைக்கின்றன. பெரும்பாலும் இதனால் தொல்லையில்லை. சில ரவுட்டர்கள் மட்டும் கருவியை 5 பக்கமே தள்ளப் பார்க்கும். அப்போது 2.4க்குத் தனிப் பெயர் கொடுத்து, பிரிண்டரை அதில் சேருங்கள். பாதுகாப்பு முறை புதிய டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய பிரிண்டர் உள்ளேயே நுழையாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த முறைக்கு மாற்றினால் நுழையும். டபிள்யூபிஏ3 மட்டும் என்ற நிலையில் டபிள்யூபிஎஸ் பட்டனும் வேலை செய்யாது. விருந்தினர் வைஃபையில் பிரிண்டரைச் சேர்த்தால் இணைப்பு வரும், அச்சு வராது. அந்த வைஃபையில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி ரவுட்டர் தடுத்து வைத்திருக்கும்.

ரவுட்டர் மாற்றப் போகிறவர்களுக்கு இவை எல்லாவற்றையும் விடச் சுலபமான வழி ஒன்று உண்டு. புது ரவுட்டரில் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே வைத்து, பாதுகாப்பு முறையையும் அதேபோல வையுங்கள். பிரிண்டர் தன் பழைய ரவுட்டர் என்றே நினைத்துச் சேர்ந்துகொள்ளும்; பிரிண்டர் பக்கம் போகவே வேண்டாம்.

அது முடியாதபோது நெட்வொர்க் அமைப்பை மட்டும் அழித்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். எல்3150இல் நிலவரப் பட்டனைப் பிடித்துக்கொண்டே பிரிண்டரை ஆன் செய்ய வேண்டும். வைஃபை பட்டன் பின்புறம் இருக்கும் ஹெச்பி மாடல்களில் அதை ஐந்து விநாடி பிடித்தால் விளக்கு சிமிட்டத் தொடங்கும். அதன் பிறகு அமைப்பு முறை இரண்டு மணி நேரம்தான் திறந்திருக்கும். காலையில் ரீசெட் செய்துவிட்டு மாலையில் போனை எடுத்தால் ஆப்புக்குப் பிரிண்டர் தெரியாது. மறுபடி ஐந்து விநாடி பிடிக்க வேண்டும். பிரதரில் திரையிலேயே வைஃபை பெயரைத் தேடி எடுத்துப் பாஸ்வேர்டைக் கொடுக்கலாம். ஒரு வரித் திரையில் மேல், கீழ் அம்புகளால் பதினாறு எழுத்துப் பாஸ்வேர்டு தட்டுவது பொறுமைக்குச் சோதனைதான், ஆனால் போன் ஏதும் இல்லாமல் முடிகிற காரியம்.

ஆப் வழியாகப் போகிறவர்கள் போனில் புளூடூத், இருப்பிட அனுமதி இரண்டையும் திறந்து வைக்க வேண்டும். ஐபோனில் லோக்கல் நெட்வொர்க் அனுமதியை ஒருமுறை மறுத்துவிட்டால், பிரிண்டர் பக்கத்திலேயே இருந்தாலும் ஆப் 'காணோம்' என்றே சொல்லும். அமைப்பு நேரத்தில் போன், பிரிண்டரின் தற்காலிக வைஃபையில் சேரும். அதில் இணையம் இல்லாததால் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பாதியில் அறுந்துபோகும் அமைப்புகளில் பல இப்படித்தான் அறுகின்றன. அந்த ஐந்து நிமிடத்துக்கு மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள். விபிஎன் ஓடினால் அதையும்.

இனி பிரவுசரில் திறக்கும் அமைப்புப் பக்கம். நான்கு நிறுவனங்களிடமும் இது உண்டு. அச்சிட்ட ஐபி முகவரியை பிரவுசரின் முகவரிப் பட்டையில் அடித்தால் வரும். 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் பயமுறுத்தும். பிரிண்டர் தன் சான்றிதழைத் தானே எழுதிக்கொண்டதால் வரும் எச்சரிக்கை அது. முகவரி உங்கள் பிரிண்டருடையதுதான் என்றால் தாண்டிப் போகலாம். கடவுச்சொல் கேட்டால் எப்சன், கேனான் மாடல்கள் பலவற்றில் பிரிண்டரின் சீரியல் எண்தான் விடை. பிரதரில் பின்பக்க லேபிளில் அச்சிட்டிருக்கும். புதிய ஹெச்பிகளில் மூடியைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் பின் எண் இருக்கும். உள்ளே போனதும் முதல் வேலையாக அதை மாற்றிவிடுவது நல்லது.

பக்கத்தின் ஒழுங்கில் ஹெச்பி முந்துகிறது. நெட்வொர்க் தாவலில் ஐபிவி4 பகுதிக்குப் போனால், ஐபி முகவரி தானியங்கியா கைமுறையா என்ற தேர்வுக்குப் பக்கத்திலேயே பொருத்தமான முகவரி ஒன்றைப் பரிந்துரைக்கும் பட்டனும் பல மாடல்களில் இருக்கிறது. சப்நெட் மாஸ்க் என்றால் என்னவென்று தெரியாதவரும் தப்பு செய்ய மாட்டார். பிரதரில் இதே விஷயம் 'பூட் மெத்தட்' என்ற பெயரில் ஒளிந்திருக்கிறது; ஆட்டோவிலிருந்து ஸ்டாட்டிக்குக்கு (நிலையான முகவரி) மாற்ற வேண்டும். பெயர்தான் மிரட்டும், வேலை ஒன்றுதான்.

ஆனால் முகவரி மாறாமலிருக்கப் பிரிண்டரிலேயே நிலையான முகவரியை எழுதுவது நாம் பரிந்துரைக்கும் வழி அல்ல. காரணம் மறுபடி அந்த ரவுட்டர் மாற்றம்தான். பிரிண்டரில் 192.168.1.50 என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். புது ரவுட்டர் 192.168.0 வரிசையில் முகவரி கொடுக்கிறது. வைஃபை விளக்கு நிலையாக எரியும், சிக்னல் முழுதாக இருக்கும், ஆனால் யாராலும் பிரிண்டரைத் தொட முடியாது. பார்வைக்குக் குறையே தெரியாத இந்தப் பழுதில்தான் அரை நாள் போகும். கணினியின் முகவரியைத் தற்காலிகமாக 192.168.1 வரிசைக்கு மாற்றி உள்ளே போய்த் திருத்தலாம், இல்லையென்றால் நெட்வொர்க் ரீசெட்.

அதற்குப் பதில் பிரிண்டரைத் தானியங்கியிலேயே விட்டுவிட்டு, ரவுட்டரில் முகவரி ஒதுக்கீடு செய்யுங்கள். அறிக்கைத் தாளில் உள்ள வைஃபை மேக் முகவரியை (லேன் மேக் முகவரி வேறு, குழம்ப வேண்டாம்) ரவுட்டரின் டிஹெச்சிபி (கருவிகளுக்கு ஐபி முகவரி பகிரும்) பகுதியில் கொடுத்து ஒரு ஐபியை ஒதுக்கினால், பிரிண்டருக்கு எப்போதும் அதே முகவரி வரும். ரவுட்டர் மாறினால் ஒதுக்கீடு போய்விடும்தான். பிரிண்டரோ புது ரவுட்டரிடம் புது முகவரி வாங்கிக்கொண்டு வேலையைத் தொடரும். ரவுட்டரில் அந்த வசதி இல்லாமல் பிரிண்டரில்தான் எழுதியாக வேண்டுமென்றால், ரவுட்டர் பகிரும் எல்லைக்கு வெளியே உள்ள எண்ணாகத் தேர்ந்தெடுங்கள். 100 முதல் 199 வரை பகிர்கிறது என்றால் 50 நல்ல எண். 120 எழுதினால் ஒருநாள் யாருடைய போனுக்காவது அதே எண் போய் இரண்டும் முட்டிக்கொள்ளும். கேட்வேயைக் காலியாக விட்டால் வீட்டுக்குள் அச்சு வரும், மென்பொருள் புதுப்பிப்பும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்புவதும் வராது.

இதையெல்லாம் வைத்து வாங்கச் சொன்னால்: வீட்டில் நெட்வொர்க்கைத் தானே பார்த்துக்கொள்பவருக்கு பிரதர். திரையில்லாத மை டேங்க்தான் வேண்டுமென்றால் எப்சன். ஹெச்பியின் அமைப்புப் பக்கம் அழகு, ஆனால் ஹெச்பி பிளஸ் திட்டத்தில் சேர்த்த பிரிண்டருக்கு எப்போதும் இணையமும் ஹெச்பி கணக்கும் வேண்டும். இணையம் அடிக்கடி அறுகிற வீட்டில் அது தலைவலி. கேனானை அச்சுத் தரத்துக்காக வாங்குங்கள், நெட்வொர்க்குக்காக அல்ல.

எந்தப் பிரிண்டரானாலும் விண்டோஸில் 'ஆஃப்லைன்' என்ற சாம்பல் எழுத்து ஒருநாள் எட்டிப் பார்க்கும். பிரிண்டர் பண்புகளில் போர்ட்ஸ் தாவலைத் திறங்கள். டிக் செய்த போர்ட்டின் பெயர் 'டபிள்யூஎஸ்டி' (விண்டோஸ் தானாகப் பிரிண்டரைத் தேடிச் சேர்த்த இணைப்பு) என்று தொடங்கினால், 'ஆட் போர்ட்' கொடுத்து 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' தேர்ந்தெடுத்து, ஒதுக்கி வைத்த ஐபியை எழுதுங்கள். அதன் பிறகும் ஆஃப்லைன் என்றால், அதே தாவலில் 'கான்ஃபிகர் போர்ட்' அழுத்தி எஸ்என்எம்பி நிலை (பிரிண்டரின் நிலையை விண்டோஸ் கேட்டறியும் முறை) என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பிரிண்டர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாததையே விண்டோஸ் ஆஃப்லைன் என்று எடுத்துக்கொள்கிறது. மேக் கணினியில் இந்த வேலை பெரும்பாலும் இல்லை. அது பிரிண்டரை முகவரியால் அல்ல, பெயரால் தேடுகிறது.