எவரெஸ்ட் அடிவாரப் பாதையில் ஹெலிகாப்டர் மோசடி: போகிறவர்கள் கவனத்துக்கு

நேபாளத்தில் லுக்லாவிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாம் வரை முதுகில் பையைச் சுமந்து நடந்துபோகத் திட்டமிட்டிருப்பவர்கள் புறப்படும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சாதாரணத் தலைவலியை உயிருக்கு ஆபத்து என்று சொல்லிப் பயமுறுத்தி, பயணியை ஹெலிகாப்டரில் ஏற்றி, காட்மாண்டுவில் ஒரு தனியார் மருத்துவமனையில் படுக்கவைத்து, மொத்தச் செலவையும் காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் கட்டும் தொழில் அங்கே நடக்கிறது. நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டால் அந்தச் சுமை பயணியின் தலையில் வந்து விழுகிறது. என் நண்பருக்கு நேர்ந்தது அதுதான். தொடக்கம் முதல் முடிவு வரை அவர் பக்கத்திலேயே இருந்து நான் பார்த்ததை எழுதுகிறேன்.

காட்மாண்டுவின் தமேல் பகுதியில் உள்ள ஒரு பயண முகவரிடம் நாங்கள் பதிவு செய்திருந்தோம். அவர் எழுதிக் கொடுத்த பயணத் திட்டத்தில், 3,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் நாம்சே பஜாரில் உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்காக ஒரு நாள் தங்கல் இருந்தது. ஆனால் நாம்சே போய்ச் சேர்ந்ததும், மேலே வானிலை கெடப்போகிறது, தங்கினால் அடிவார முகாமைப் பார்க்கவே முடியாது என்று வழிகாட்டி அவசரப்படுத்தி, மறுநாள் காலையிலேயே எங்களைக் கிளப்பிவிட்டார். அன்றிரவு 3,860 மீட்டரில் உள்ள தெங்போச்சேயிலும், அடுத்த இரவு 4,410 மீட்டரில் உள்ள டிங்போச்சேயிலும் படுத்தோம். 3,000 மீட்டரைத் தாண்டியபின் படுக்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவம் அறிந்தவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு. அந்த ஒரு நாளைப் பறித்தபோதே எங்களில் யாருக்காவது தலைவலி வரும் என்பது வழிகாட்டிக்குத் தெரிந்திருக்கும் என்றே நான் இப்போது நம்புகிறேன். வானிலையோ கடைசிவரை கெடவில்லை.

டிங்போச்சேயில் நண்பருக்குத் தலை வலித்தது, சாப்பாடு இறங்கவில்லை. லாட்ஜின் கூடத்தில், சாண வறட்டி எரிந்த அடுப்பிலிருந்து தள்ளி, ஜன்னல் ஓரமாக அவர் உட்கார்ந்திருந்தார். வழிகாட்டி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை எடுத்துவந்து, அப்போதுதான் கையுறையைக் கழற்றிய அவருடைய விரலில் மாட்டினார். 79 என்று காட்டியது. அதை எங்கள் எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்து, "சார், ஊரில் இது 98 இருக்கும், இங்கே 79 வந்துவிட்டது, ராத்திரிக்குள் நுரையீரலில் தண்ணீர் கோத்துவிடும்" என்றார். நண்பரின் முகம் வெளுத்துவிட்டது. நான் அவருடைய கையை அடுப்பருகே வைத்துச் சூடாக்கிவிட்டு மறுபடி மாட்டிப் பார்த்தபோது 85 காட்டியது. வழிகாட்டி அதைப் பார்க்கவே மறுத்துவிட்டார்.

அந்த உயரத்தில் நல்ல உடல்நலத்துடன் இருப்பவர்களுக்கே அளவு எண்பதுகளில் இருப்பது சகஜம். விரல் சில்லிட்டிருந்தால் கருவி இன்னும் குறைவாகவே காட்டும். எண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்யக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வருவது ஆகியவை நுரையீரல் பாதிப்பின் அறிகுறிகள். பேச்சு குழறுவது, புத்தி தடுமாறுவது, ஒரு காலின் விரல் நுனியை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து ஒரு நேர்கோட்டில் நடக்க முடியாமல் சாய்வது ஆகியவை மூளை வீக்கத்தின் அறிகுறிகள். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கீழே இறங்க வேண்டும். நடக்க முடியாதவருக்கு ஹெலிகாப்டர் உயிர் காக்கும், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நண்பருக்கோ இவற்றில் எதுவுமே இல்லை. கூடத்தில் நேர்கோட்டில் நடந்து காட்டினார், தெளிவாகப் பேசினார். அவருக்குத் தேவைப்பட்டது ஏறாமல் ஓர் இரவு ஓய்வு, குறையவில்லை என்றால் சில நூறு மீட்டர் இறக்கம், அவ்வளவுதான்.

லாட்ஜை நடத்திய ஷெர்பா அம்மாவும் அதையே சொன்னார். பக்கத்து மேட்டைத் தாண்டினால் பெரிச்சே, அங்கே இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இருக்கிறது, விடிந்ததும் நடந்தே போய் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். 1973 முதல் அந்தச் சங்கம் மலையேற்றப் பருவங்களில் அங்கே மருத்துவர்களை அமர்த்தி வருகிறது. வழிகாட்டி அவரிடம் நேபாளியில் ஏதோ கோபமாகச் சொன்னார். அதன்பின் அந்த அம்மா எங்கள் பக்கம் வரவில்லை. ராத்திரி முழுவதும் வழிகாட்டி மணிக்கொரு தடவை கதவைத் தட்டி, "உங்கள் காப்பீடு எல்லாம் தரும், நீங்கள் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம், நிறுவனத்துக்கு நாங்களே தகவல் சொல்லிவிட்டோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உறக்கமில்லாமல், வீட்டை நினைத்துக் கலங்கிய ஒருவர் காலையில் சரி என்று சொன்னதில் எந்தத் தவறும் இல்லை.

ஹெலிகாப்டர் வந்து இறங்கியதும், விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். தொகை எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. லுக்லாவில் எங்களை இறக்கி, வேறு கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்டிருந்த பயணிகளுடன் சேர்த்து வேறொரு ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள். காற்று அடர்த்தி குறைந்த மேல்மலையில் அதிக எடையைத் தூக்க முடியாது என்பதால் இப்படி மாற்றி ஏற்றுவது வழக்கம்தான். ஆனால் பின்னர் வந்த பில்லில், முழு ஹெலிகாப்டரையும் டிங்போச்சேயிலிருந்து காட்மாண்டு வரை நண்பர் ஒருவருக்காகவே அமர்த்தியதாகப் போட்டிருந்தார்கள். அதே ஹெலிகாப்டரில் வந்த இன்னொரு பயணியிடம் பேசியபோது, அவருடைய பில்லிலும் அப்படியே முழுத் தொகை இருந்தது.

காட்மாண்டு போய் இறங்குவதற்குள் தலைவலி நின்றுவிட்டது. ஆனாலும் மருத்துவமனையில் படுக்க வைத்து, ஸ்கேன் எடுத்து, குளுக்கோஸ் ஏற்றி, காப்பீட்டு நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் வரும்வரை பாஸ்போர்ட்டைத் தர மாட்டோம் என்று வைத்துக்கொண்டார்கள். நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான், யாரும் அவர்களுக்குத் தகவலே சொல்லவில்லை என்பது தெரிந்தது. முன் அனுமதி இல்லை என்று கோரிக்கையை நிராகரித்தார்கள். கடைசியில் நண்பரின் அண்ணன் கடன் வாங்கி அனுப்பிய பணத்தைக் கட்டியபிறகுதான் பாஸ்போர்ட் கைக்கு வந்தது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2018-இல் நேபாள அரசு அமைத்த விசாரணைக் குழு, தேவையற்ற மீட்புகளையும், ஒரே பறத்தலுக்குப் பல காப்பீடுகளில் பணம் கேட்டதையும், பயண முகவர், ஹெலிகாப்டர் நிறுவனம், மருத்துவமனை ஆகியோருக்கு இடையே ஓடிய கமிஷனையும் வெளிக்கொண்டு வந்தது. சிலருக்கு உணவில் சமையல் சோடாவைக் கலந்து வயிற்றைக் கெடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டும் அப்போது எழுந்தது. அதன்பின் விதிகள் வந்தன, தொழில் நிற்கவில்லை. நாள் கணக்கில் கிடைக்கும் கூலியைவிட ஒரு ஹெலிகாப்டர் கமிஷன் பல மடங்கு என்னும்போது, மிகக் குறைந்த விலைக்குப் பேசப்படும் பயணத்தில் மீதிப் பணம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். நேர்மையாக உழைக்கும் ஷெர்பாக்களின் பெயரையும் சேர்த்தே இவர்கள் கெடுக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அடிவார முகாமுக்கு அருகே உள்ள காலா பத்தர் என்ற மேட்டில் ஏறுகிறவர்கள் 5,500 மீட்டருக்கு மேல் போகிறீர்கள். ஆகவே உங்கள் காப்பீடு எத்தனை மீட்டர் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு அதில் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் அவசரத் தொலைபேசி எண்ணைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். லாட்ஜ் வைஃபையிலிருந்தோ உள்ளூர் சிம்மிலிருந்தோ நீங்களே கூப்பிட்டு, கோரிக்கை எண் கிடைத்தபிறகே ஹெலிகாப்டருக்குச் சம்மதியுங்கள். நினைவு தப்பியவருக்காக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வெறும் தலைவலி என்றால் இதையெல்லாம் பார்த்தே ஆக வேண்டும். நாம்சே, டிங்போச்சே ஓய்வு நாட்களை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். தொகை எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏற்கெனவே இதில் சிக்கியவர்கள் பறத்தலின் பயணிகள் பட்டியல், ஹெலிகாப்டரின் பதிவெண், மருத்துவரின் குறிப்பு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உடன் வந்தவர்களின் தொடர்பு எண்களையும் லுக்லாவிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரின் பில்களை அருகருகே வைத்துக் காட்டிய பிறகுதான் காட்மாண்டு சுற்றுலாக் காவல் துறையில் எங்கள் புகாரைப் பதிவு செய்தார்கள். காப்பீட்டு நிறுவனமும் கோரிக்கையை மறுபரிசீலனைக்கு எடுத்திருக்கிறது.