நாலு வருசம் ஒரு புளூடூத் ஸ்கானர்: டாஷ்போர்ட் லைட்டை அழிக்குமுன் பிழைக் கோடை எழுதி வையுங்கள்

டாஷ்போர்டில் லைட் எரிந்தால், வண்டி சேமித்து வைத்திருக்கும் பிழைக் கோடுகளை (பி0171 போன்ற பிழை இலக்கங்களை) வாசித்துப் போனில் காட்டும், உள்ளங்கைக்குள் அடங்கும் இஎல்எம் 327 புளூடூத் ஸ்கானர் ஒன்றை அக்குவா, விட்ஸ், வேகன் ஆர் என்று மூன்று வாகனங்களில் நாலு வருசமாக மாறி மாறிப் பாவித்ததில் தெரிந்துகொண்டவை இவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெரும்பாலானோர் கையில் இருந்த வாகனத்தையே உருட்டினார்கள். வாகனம் பழசாகப் பழசாக மஞ்சள் லைட்டுகளும் கூடும். ஒவ்வொன்றுக்கும் கராஜுக்கு ஓடத் தேவையில்லை. ஆனால் எதற்கு ஓட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தில் 16 பின் உள்ள போர்ட் இருக்கும். ஸ்கானரைச் செருகி சாவியை ஓனில் வையுங்கள். அக்குவா போன்ற புஷ் ஸ்டார்ட் வண்டி என்றால் பிறேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு தரம் அழுத்த வேண்டும். போனை ஸ்கானரோடு இணைக்கும்போது கேட்கும் பாஸ்வேர்ட் அநேகமாக 1234, இல்லாவிட்டால் 0000. பிறகு எல்லாவற்றையும் போனில் போட்ட கார் ஸ்கானர் என்ற அப்பில் பார்க்கலாம். ஐபோன்காரருக்கு இந்தச் சாதாரண புளூடூத் வகை சரிவராது, வைஃபை வகை வாங்குங்கள். பெட்டியில் 2.1 என்று போட்டிருக்கும் மலிவுச் சாமான்கள் பலதில் வண்டியோடு பேசும் சில முறைகள் (புரொட்டோகோல்கள்) வேலை செய்வதில்லை. காசு கொடுக்க முதல் கடை வாசலிலேயே வண்டியில் செருகிப் பாருங்கள். 2008க்கு முந்திய ஜப்பான் உள்நாட்டு மாடல்கள் சிலதில் போர்ட் பொருந்தும், ஆனால் வண்டி பேசாது. அது ஸ்கானரின் பிழையில்லை.

நிறத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிவப்பு ஒயில் லைட் ஓடும்போது எரிந்தால் ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள், அடுத்த சந்தி மட்டும் என்று கூடப் போகவேண்டாம். அது ஒயில் மட்டத்தை அல்ல, ஒயில் பிரஷரைச் சொல்கிறது. சிவப்பு பிறேக் லைட் என்றால் முதலில் ஹேண்ட்பிறேக்கைப் பாருங்கள், பிறகு பிறேக் ஒயில் டாங்கியை. ஒழுக்கு எதுவும் இல்லாமல் மட்டம் இறங்கியிருந்தால் பிறேக் பாட் தேய்ந்திருக்கிறது. ஒயிலை மட்டும் ஊற்றி லைட்டை அணைப்பது உங்களையே ஏமாற்றுவது. காலையில் எரியும் நீல லைட் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்பதற்கு மட்டுமே. அதைக் கண்டு பயந்து எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் ஆட்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

மாமாங்கத் திருவிழாச் சோடனை மாதிரி எல்லா லைட்டும் ஒன்றாக எரிந்தால் சென்சர்களைத் தேடாதீர்கள், 12 வோல்ட் பற்றரியைப் பாருங்கள். ஸ்கானரிலேயே வோல்ட் தெரியும். நிறுத்தி வைத்த வண்டியில் 12.6 அளவில் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்பது நல்லது. அப்போதும் 13ஐத் தாண்டாவிட்டால் பெரும்பாலும் சார்ஜ் ஆகவில்லை.

இனி மஞ்சள் செக் எஞ்சின் லைட். விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது எஞ்சினுக்குள் பெற்றோல் சரியாக எரியவில்லை. அப்படியே ஓட்டினால் எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுவிடும். மின்னாமல் நிலையாக எரிந்தால் வீடு மட்டும் ஓட்டலாம். லைட் எரிந்த நேரத்தில் வேகம், சூடு, எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் தரம் (ஆர்பிஎம்) எவ்வளவு என்பதை வண்டி ஒரு படம்போலச் சேமித்து வைத்திருக்கும். கிளியர் பட்டனை அழுத்தினால் கோடோடு அந்தப் படமும் போய்விடும். அதனால் முதலில் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பிழை உண்மையிலேயே தீர்ந்திருந்தால், அழிக்காவிட்டாலும் மூன்று நல்ல ஓட்டங்களுக்குப் பிறகு பெரும்பாலான வண்டிகளில் லைட் தானாக அணையும்.

இந்தப் பக்கம் அடிக்கடி காண்பது பி0171, காற்றுக்கு ஏற்ற பெற்றோல் போதவில்லை என்பது. இதைக் கண்டவுடன் ஒட்சிசன் சென்சரை மாற்றச் சொல்வார்கள். மாற்றாதீர்கள். அப்பின் லைவ் டேட்டாவில் லோங் டேர்ம் ஃபியூவல் டிரிம்மைத் திறங்கள். வண்டி பெற்றோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதை அது காட்டும். பூச்சியத்துக்கு இரண்டு பக்கமும் 10க்குள் இருந்தால் சரி. ஐட்லில் (அக்சலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) 20 காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் 5க்கு இறங்கினால் எங்கோ வெடித்த ரப்பர் குழாயால் காற்று உள்ளே இழுபடுகிறது. ஆர்பிஎம் கூடக் கூட டிரிம்மும் ஏறினால், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சரில் அழுக்கு, அல்லது பெற்றோல் பம்ப் தளர்ச்சி. வயல் வெட்டுக் காலத்தில் அறுவடை மெசின் கிளப்பும் தூசிக்குள் ஓடும் வண்டிகளில் முதலில் ஏர் ஃபில்டரையும் இந்தச் சென்சரையும் பாருங்கள். அதற்கென்று விற்கும் ஸ்பிரேயை மட்டும் அடித்து, கை படாமல் கால் மணி நேரம் காயவிட்டுப் பூட்டுங்கள். கார்புரேட்டர் கிளீனர் அடித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி பழுதாகலாம்.

டொயோட்டாவில் செக் எஞ்சினோடு சறுக்கல் கட்டுப்பாட்டு லைட்டும் எரிந்து சி1201 வந்தால் அது தனி வருத்தம் இல்லை, எஞ்சின் கோளாறின் எதிரொலி. எஞ்சின் கோடைத் தீர்த்தால் இதுவும் போகும்.

அக்குவாவில் பி0ஏ80 வந்தால் ஹைபிரிட் பற்றரி போய்விட்டது என்று உடனே விலை சொல்வார்கள். முதலில் பின் சீட்டுக்கு அருகில் காற்று இழுக்கும் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். பஞ்சுபோல் தூசி அப்பியிருக்கும். துப்புரவாக்கிய பிறகு அப்பில் வண்டி மாடலைத் தெரிவுசெய்து, ஹைபிரிட் பற்றரியின் பகுதிகளான பிளாக்குகளின் வோல்ட்டேஜ்களைப் பாருங்கள். வண்டி பாரமாக இழுக்கும்போது ஒரு பிளாக் மட்டும் மற்றவற்றைவிட 1 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால்தான் கை வைக்க வேண்டும்.

ஏபிஎஸ் (பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகி நிற்காமல் காக்கும் அமைப்பு) கோடு இந்த அப்பில் சில வண்டிகளுக்கே வரும். வராத பழைய டொயோட்டாக்களில் போர்ட்டின் 4ஆம், 13ஆம் பின்களை ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியை ஓனாக்கினால் ஏபிஎஸ் லைட் மின்னும் எண்ணிக்கையால் கோடு இலக்கத்தைச் சொல்லும். மேல் வரிசை 1 முதல் 8, கீழ் வரிசை 9 முதல் 16. கீழ் வரிசைக் கடைசிப் பின் நேரே பற்றரியின் பிளஸ். வயர் தவறி அதில் தொட்டால் பியூஸ் போகும். கல்லடி, பாசிக்குடா உப்புக்காற்றுக்கும் மார்கழி வெள்ளத்துக்கும் வீல் சென்சர் சொக்கெட்டில் பச்சைக் களிம்பு பிடிப்பது வழமை. சென்சரை மாற்ற முதல் சொக்கெட்டைக் கழற்றித் துடையுங்கள்.

பற்றரியின் மைனஸைக் கழற்றி லைட்டை அணைப்பது பழைய வித்தை. 10 ஸ்பானர் போதும், ஆனால் ஜப்பான் நவிகேஷன் செட் பூட்டிக்கொண்டு கோட் கேட்கும். அதைத் திறக்கச் செலவாகும் காசைவிட ஸ்கானர் மலிவு.

ஏர்பேக் லைட்டுக்கு இந்தக் கருவி உதவாது. சீட்டுக்குக் கீழே உள்ள மஞ்சள் சொக்கெட்டில் கை வைக்கும் தேவை வந்தால் பற்றரி மைனஸைக் கழற்றி ஆகக் குறைந்தது 90 விநாடி பொறுங்கள். அந்த லைட்டை அழிக்கப் பெரிய ஸ்கானர் உள்ள கராஜே வழி.

வேலை முடிந்ததும் ஸ்கானரைக் கழற்றிவிடுங்கள். சாவி ஓஃபிலும் அது கரண்ட் குடிக்கும், ஒரு கிழமை ஓடாமல் நின்றால் அக்குவாவின் சின்ன பற்றரி இறங்கிவிடும்.