முழுத் தடையா, அணிப் பட்டியலா? என்.எச்.எல். ஒப்பந்தங்களில் என் கட்சி

ஸ்கார்பரோவில் நண்பர்கள் சேர்ந்து, நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணிகள் அமைக்கிற ஒரு ஃபேன்டசி ஹாக்கி லீக் நடத்துகிறோம். சம்பள உச்சவரம்பு (அணியின் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு எல்லை), பல வருட ஒப்பந்தம், ட்ரேட் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) எல்லாம் உண்டு. இந்த சீசனுக்கு முன் ஒரு விதியை முடிவு செய்ய வேண்டியிருந்தது: பெரிய வீரர்களுக்கு முழு நோ-மூவ்மென்ட் ஷரத்து வைப்பதா, அணிப் பட்டியலோடு நோ-ட்ரேட் ஷரத்து வைப்பதா? நான் பட்டியலுக்காகப் பேசினேன், அதுவே விதியானது. ஏன் அந்தப் பக்கம் நின்றேன் என்பதை நிஜ என்.எச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) கதைகளை வைத்தே சொல்கிறேன்.

அடிப்படை தெரிந்ததுதான். நோ-மூவ்மென்ட் இருந்தால் வீரரின் சம்மதம் இல்லாமல் ட்ரேட் செய்ய முடியாது, வேவர்ஸில் போட (எந்த அணியும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட) முடியாது, கீழ் லீக்குக்கு அனுப்பவும் முடியாது. பட்டியல் என்றால் வீரர் போக மாட்டேன் என்கிற அணிகளையோ, போகத் தயாரான அணிகளையோ எழுதிக் கொடுப்பார். அந்தப் பட்டியல் இடம் கொடுக்கிற அணிகளுக்கு ட்ரேட் செய்யக் கிளப்புக்குச் சுதந்திரம் உண்டு. இரண்டுமே 27 வயது அல்லது லீக் கணக்கில் 7 சீசன் ஆன பிறகே அமலுக்கு வரும். குழந்தைகளின் பள்ளி, மனைவியின் வேலை, பழகிய ஊர் என்று வீரர் நிம்மதி தேடுவதில் தவறே இல்லை. அந்த நிம்மதிக்காகச் சிலர் சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறார்கள் என்பதும் சரி. இதில் யாருக்கும் சண்டை இல்லை.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே கேள்வி: விற்க வேண்டிய நாள் வரும்போது வாசலில் எத்தனை பேர் நிற்பார்கள்?

டொரோண்டோ ரசிகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2008 பிப்ரவரியில் மேப்பிள் லீஃப்ஸ் பிளேஆஃபுக்கு (கோப்பைக்கான கடைசிக் கட்டம்) போகிற நிலையில் இல்லை. கேப்டன் மட்ஸ் சண்டினுக்கு அது ஒப்பந்தத்தின் கடைசி வருடம். அவரைக் கொடுத்து இளம் வீரர்களையும் ட்ராஃப்ட் பிக்குகளையும் (புது இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) வாங்கியிருக்கலாம். அவரோடு பிரையன் மெக்கேப், டோமாஸ் காபெர்லே, டார்சி டக்கர், பாவெல் குபினா என்று ஐந்து பேர் கையில் நோ-ட்ரேட் ஷரத்து இருந்தது. சண்டின் சம்மதிக்கவில்லை; சில வாரங்களுக்காக இன்னொரு அணியில் போய் ஆடுவதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அது அவர் உரிமை, அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அந்த டிசம்பரில் அவர் வான்கூவரில் கையெழுத்துப் போட்டபோது டொரோண்டோவின் கையில் ஒன்றுமே இல்லை.

17 வருடம் கழித்து மிட்ச் மார்னர் விஷயத்திலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. 2019 செப்டம்பரில் 6 வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 1.09 கோடி டாலர். கடைசி இரண்டு வருடத்துக்கு முழு நோ-மூவ்மென்ட், 2023 ஜூலை 1-இல் தொடக்கம். அந்த மே மாதம்தான் ஜெனரல் மேனேஜர் கைல் டூபஸ் வெளியேற்றப்பட்டார். மாதக் கடைசியில் பிராட் டிரெலிவிங் வந்தார். புதிதாக வந்தவருக்கு ஒரு மாதம் இருந்தது, அது ஓடிப்போனது. 2025 மார்ச்சில் கரோலினாவுக்குப் போகச் சம்மதமா என்று கேட்டார்கள், மார்னர் மாட்டேன் என்றார். அந்த சீசனில் 102 புள்ளி (கோலும் கோலுக்கான உதவியும் சேர்த்து) எடுத்தவர், ஜூன் கடைசி நாளில் வேகாஸுக்குப் போனார்: 8 வருடம், வருடத்துக்கு 1.2 கோடி. டொரோண்டோவுக்குக் கிடைத்தது நிக்கோலஸ் ருவா. நல்ல உழைப்பாளி, பின்வரிசை சென்டர். ஆனால் 102 புள்ளிக்கு அது அடிமாட்டு விலை.

இதே டிரெலிவிங் 2022 ஜூலையில் கால்கரியில் இருந்தபோது மேத்யூ கச்சுக் விஷயத்தில் என்ன செய்தார் பாருங்கள். கால்கரியோடு நீண்ட ஒப்பந்தம் போட மாட்டேன் என்று கச்சுக் சொல்லிவிட்டார். தடை ஷரத்து எதுவும் இல்லை. நீண்ட காலம் இருக்கத் தயாரான சில அணிகளைக் குறிப்பிட்டார் என்று அப்போது செய்தி வந்தது. எழுதப்படாத பட்டியல் என்றே அதைச் சொல்லலாம். வாங்க ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஃப்ளோரிடா கொடுத்தது: முந்தைய சீசனில் 115 புள்ளி எடுத்த ஜோனதன் ஹூபர்டோ, மெக்கென்சி வீகர், கோல் ஷ்விண்ட், ஒரு முதல் சுற்று பிக். ஹூபர்டோ அடுத்த வருடம் 55 புள்ளிக்கு இறங்கியது வேறு கதை. ட்ரேட் நடந்த அன்று கையில் வந்ததைத்தான் நான் பார்க்கிறேன். அதே மேனேஜர்தான், அதே மாதிரி நெருக்கடிதான். வாங்க வருகிறவர்களின் எண்ணிக்கைதான் மாறியது.

தடை அமலுக்கு வரும் தேதியைக் கிளப்புகள் எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு பி.கே. சுப்பன் போதும். மான்ட்ரியாலோடு 8 வருடம், 7.2 கோடி டாலர். 2016 ஜூலை 1-இல் அவருடைய நோ-மூவ்மென்ட் தொடங்க வேண்டும். ஜூன் 29-இல் ஷே வெபருக்குப் பதிலாக அவரை நாஷ்வில்லுக்கு அனுப்பிவிட்டார்கள். முழுத் தடை வீரரைக் காப்பாற்றும் என்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அமலுக்கு வருவதற்கு முந்தைய வாரத்தில் அதுவே அவரைத் துரத்தும் காரணமாகிவிடலாம்.

சரி, பட்டியல் என்றால் எந்தப் பட்டியல்? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஃபில் கெசலுடையது 8 அணிகளுக்கு மட்டும் சம்மதம் என்கிற வகை. 2015 ஜூலை 1-இல் பிட்ஸ்பர்குக்குப் போனார், அங்கே 2016, 2017 இரண்டு வருடமும் ஸ்டான்லி கோப்பை வென்றார். டொரோண்டோ அவர் சம்பளத்தில் வருடத்துக்கு 12 லட்சம் டாலரைத் தானே சுமந்தது. அதற்குக் காரணம் சுலபம்: எட்டில் உச்சவரம்பில் இடமில்லாதவர்கள், ஆர்வமில்லாதவர்கள் போனால் இரண்டு மூன்று பேர்தான் மிச்சம். இருந்தாலும் அந்த ட்ரேடில் வந்த முதல் சுற்று பிக்கைக் கொடுத்துத்தான் டொரோண்டோ அடுத்த வருடம் கோலி (கோல் காப்பாளர்) ஃப்ரெட்ரிக் ஆண்டர்சனை வாங்கியது. சண்டின் போனபோது அந்த அளவுகூட வரவில்லை.

தலைகீழ் வகையில் வீரர் ‘இந்த 10 அணிக்கு மட்டும் போக மாட்டேன்’ என்பார். லீக்கில் 32 அணி. சொந்த அணியும் அந்தப் பத்தும் போனால் 21 பேரிடம் பேசலாம். பிடிக்காத ஊர் எதுவும் வராது என்று வீரருக்கும் நிம்மதி. நான் வாதாடியது இந்த வகைக்குத்தான்.

பட்டியலிலும் ஓட்டை உண்டு, மறைக்க மாட்டேன். பார்க்லே குட்ரோவுக்கு நியூயார்க் ரேஞ்சர்ஸில் 15 அணிப் பட்டியல் இருந்தது. 2024 ஜூனில் அவரை வேவர்ஸில் போட்டார்கள். சான் ஹோசே எடுத்துக்கொண்டது. வேவர்ஸுக்குப் பட்டியல் செல்லாது, யார் கேட்டாலும் போக வேண்டியதுதான். விதிப்படி சரி, ஆனால் பட்டியலை நம்பிக் கையெழுத்திட்ட மனிதரை அப்படி நடத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு பக்கம் எவ்கெனி தாதோனோவ்: 2022 மார்ச்சில் வேகாஸ் அவரை அனாஹைமுக்கு அனுப்பியது. அனாஹைம் அவருடைய 10 அணித் தடைப் பட்டியலில் இருந்தது. பட்டியல் முந்தைய அணியான ஒட்டாவா காலத்தது. இரண்டு நாளில் லீக் அந்த ட்ரேடையே ரத்து செய்தது. அவர் வேகாஸ் உடைமாற்றும் அறைக்கே திரும்பி வந்து ஆட வேண்டியிருந்தது.

ஆகவே கலவைதான் நல்லது: முதல் சில வருடம் முழுத் தடை, கடைசி இரண்டு வருடம் தடைப் பட்டியல், வேவர்ஸ் பாதுகாப்பு மட்டும் கடைசிவரை. ஜேக்கப் ட்ரூபாவின் 7 வருட ஒப்பந்தம் ஓரளவு இப்படித்தான், அந்தக் கடைசிப் பாதுகாப்பைத் தவிர. 5 வருடம் முழுத் தடை, அப்புறம் 15 அணிப் பட்டியல். வேவர்ஸ் மிரட்டல் வந்தது. 2024 டிசம்பர் 6-இல் அனாஹைமுக்குப் போக ஒப்புக்கொண்டார். ரேஞ்சர்ஸுக்கு வந்த வீரர் சாதாரணம்தான். ஆனால் 80 லட்சம் டாலர் இடம் முழுதாகக் காலியானது, அன்றே கோலி இகோர் ஷெஸ்டெர்கினின் பெரிய ஒப்பந்தமும் வெளிவந்தது.

கோலிகள் விஷயத்தில் மட்டும் இவ்வளவு உறுதியாகப் பேசத் தயங்குகிறேன். புதிய அணியான வேகாஸ் மற்ற அணிகளிலிருந்து வீரர்களை எடுத்த 2017 விரிவாக்க ட்ராஃப்டில் நோ-மூவ்மென்ட் உள்ளவரை அணி கட்டாயம் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. பிட்ஸ்பர்கில் மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரி தானாக விட்டுக்கொடுத்து வேகாஸுக்குப் போனார், மேட் மர்ரியை அணி காப்பாற்றிக்கொண்டது. ஒட்டாவாவில் தடுப்பாட்டக்காரர் டியான் ஃபனூஃப் விட்டுக்கொடுக்கவில்லை, அணி மார்க் மெத்தோவை இழந்தது. ஒரு அணியில் ஒரே ஒரு முதன்மைக் கோலிக்குத்தான் இடம் என்பதால் அங்கே கணக்கே வேறு. எங்கள் லீக்கிலும் கோலிகளுக்கு இந்த வருடம் பழைய முழுத் தடையையே விட்டுவைத்திருக்கிறோம். ஒரு சீசன் ஆடிப் பார்த்துவிட்டு மறுபடி பேசலாம் என்று முடிவு.