பலாக்கொட்டையும் மைசூர்ப் பருப்பும்

கொழும்புக்கு வந்தால் கடலோர வெள்ளவத்தையை விட்டு நகராமலே என் விடுமுறை முடிந்துவிடும். இந்த முறை பிடிவாதமாக இரண்டு இரவுகளை அவிசாவளைப் பக்கத்திலுள்ள ஒரு பண்ணை வீட்டுக்கு ஒதுக்கினேன். கிருலப்பனை வரை ஓட்டோ, அங்கிருந்து 122ஆம் இலக்க பஸ். பஸ்ஸில் இடம் கிடைத்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டை நடத்துபவர் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. "எல்லாம் இயற்கை உணவுதானா அக்கா?" என்று கேட்டேன். கொழும்பில் முன்பு தங்கிய ஒரு விடுதியில் இப்படிக் கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு, காலையில் பெட்டியில் அடைத்த பழச்சாற்றை நீட்டினார்கள். இவரோ, "இல்லை ஐயா. மைசூர்ப் பருப்பு கப்பலில் வருவது. பெரிய வெங்காயம் பேலியகொடைச் சந்தையிலிருந்து வருகிறது. மற்றதைத் தோட்டத்தில் காட்டுகிறேன்" என்றார். அந்த இடத்திலேயே எனக்கு அவர்மீது நம்பிக்கை வந்துவிட்டது.

வேலி முழுக்கச் சீமைக்கிளுவை. அதன் தழையை வெட்டி மரவள்ளிக்கும் வாழைக்கும் அடியில் உரமாகப் பரப்புகிறார். 2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் திடுதிப்பென்று நிறுத்தியதே, அப்போது எப்படிச் சமாளித்தீர்கள் என்றேன். "இந்தத் தோட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணனின் வயலில்தான் விளைச்சல் பாதியாகிவிட்டது. தழை உரம் ஒரே போகத்தில் வேலை செய்யாது ஐயா" என்றார். நவம்பரில் தடையை விலக்கியவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கலாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். எத்தனை பேர், யார் எவ்வளவு சாப்பிடுவார்கள் என்று முதல்நாள் மாலையே கேட்டுக்கொண்டு அளந்துதான் உலை வைக்கிறார். சிவப்பரிசிச் சோறு, பிஞ்சுப் பலாக்காய்க் கறி, வல்லாரைச் சம்பல், சொதி. மிஞ்சியது கோழிக்குப் போகிறது. உண்மையில் மிஞ்சியது மிகக் குறைவு. பலாவைச் சிங்களத்தில் 'பத் கஸ', அதாவது சோற்று மரம், என்பார்கள். அந்த மரத்தை வெட்ட இன்றும் அனுமதி வேண்டும். பருவம் முடிந்தாலும் கைவசம் இருக்கட்டும் என்று பலாக்கொட்டைகளை உலர்ந்த மணலில் புதைத்து வைத்திருந்தார். அதில் ஒரு பிடியை எடுத்து வறுத்துத் தந்தார். இரண்டு நாளில் நான் சாப்பிட்டவற்றில் அதுதான் உச்சம்.

குறையும் உண்டு. அறையில் குடிக்க வைத்திருந்தது பிளாஸ்டிக் போத்தல் தண்ணீர். "போத்தலின் மூடியை உடைக்கும் சத்தம் கேட்டால்தான் வெளிநாட்டுக்காரர் குடிக்கிறார்கள்" என்றார். நானும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி.

திரும்பும்போது வழிச்சோற்றை வாட்டிய வாழையிலையில் கட்டிக் கொடுத்தார். உணவு சுற்றும் பொலித்தீன் தாளை 2017 செப்டெம்பரிலேயே தடை செய்தார்கள். அன்று மாலை வெள்ளவத்தைக் கடையொன்றில் வாங்கிய கொத்து ரொட்டி அதே தாளில்தான் வந்தது.

ஒரு பை பலாக்கொட்டையும் கொண்டுவந்தேன். கடற்கரை மணலில் புதைத்து வைக்கலாமா என்று தொலைபேசியில் கேட்டேன். "உப்பு மணல் ஆகாது ஐயா, ஆற்று மணல்தான் வேண்டும்" என்றார். என் சொந்த அக்கா ஒரு பூச்சட்டியைக் காலி செய்து வைத்திருக்கிறாள். வெள்ளவத்தையில் ஆற்று மணலுக்கு எங்கே போவது?