மலையேற்றப் பையில் கடைசியில் தங்கியது ஏரோபிரஸ்

நானும் அண்ணனும் முதுகுப்பையோடு நடக்கக் கிளம்பினால் சமையல் அவர் பொறுப்பு, காபி என் பொறுப்பு. இந்த ஏற்பாட்டுக்கு ஆறு வயது. இந்த ஆறு வருடத்தில் இன்ஸ்டன்ட் தூள், அடுப்பில் வைத்து டிகாக்ஷன் இறக்கும் மோகா பாட், மடக்கி வைக்கும் சிலிகான் வடிகட்டி, வெறும் பாத்திரம், ஏரோபிரஸ் என்று ஐந்தையும் சுமந்து பார்த்துவிட்டேன். இப்போது எந்தப் பயணத்துக்கும் யோசிக்காமல் பையில் போடுவது ஏரோபிரஸைத்தான்.

பார்க்காதவர்களுக்காக: அது பெரிய சிரிஞ்ச் மாதிரி இருக்கும். ஒரு குழாய், அதற்குள் இறங்கும் ரப்பர் நுனி வைத்த தண்டு, அடியில் துளைகள் உள்ள மூடி, மூடிக்குள் வட்டமான வடிதாள். தூளையும் வெந்நீரையும் குழாயில் போட்டு, கொஞ்சம் ஊறவிட்டு, தண்டை அழுத்தினால் கோப்பையில் காபி. ஆலன் ஆட்லர் என்ற அமெரிக்கர் உருவாக்கியது, 2005-ல் விற்பனைக்கு வந்தது. வெகுதூரம் பறக்கும் ஏரோபி எறிவளையமும் அவருடைய வேலைதான். தன் கோப்பைக்குள்ளேயே அடங்கிவிடும் பயண வகை 2019-ல் வந்தது. என்னிடம் இருப்பது பழைய வகை. என் தராசில் சுமார் 200 கிராம். இரண்டு முறை பாறையில் விழுந்திருக்கிறது, கீறலோடு சரி. தண்டின் உள்பக்கம் கூடாக இருப்பதால் வடிதாள், தூள் பொட்டலம் எல்லாம் அதற்குள்ளேயே போய்விடும்.

ஆனால் எனக்கு அதைப் பிடித்துப்போனது கழுவும் நேரத்தில்தான். தண்ணீர் இல்லாத முகடுகளில் தங்கும் நாட்களில் ஆளுக்கு மூன்று லிட்டர் சுமந்து ஏறுவோம். அங்கே பாத்திரம் அலம்ப அரை லிட்டர் செலவழிக்க மனசு வராது. ஏரோபிரஸில் காபி இறங்கியதும் மூடியைக் கழற்றித் தண்டை ஒரு தள்ளு தள்ளினால் சக்கை வில்லையாக, ஈரம் வற்றிப்போய் வெளியே விழும். ரப்பர் நுனியை ஒரு மடக்குத் தண்ணீரில் துடைத்தால் வேலை முடிந்தது.

உயரம் ஏறும்போது இன்னொரு நன்மை தெரிந்தது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 3000 மீட்டர் உயரத்தில் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் அதற்கு மேல் சூடேறாது. லேசாக வறுத்த கொட்டையிலிருந்து சுவை இறங்க நல்ல சூடு வேண்டும். ஒருமுறை உயரத்தில் முகாமிட்டபோது அப்படிப்பட்ட கொட்டையைத்தான் கொண்டுபோயிருந்தேன். பாத்திரத்தில் ஊறவைத்தேன், புளிப்பும் நீர்ப்பும்தான் வந்தது. அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, "பரவாயில்லம்மா, சூடா இருக்கே" என்றார். அன்று முழுக்க எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் அதே கொட்டையை இரண்டு படி நைஸாக அரைத்து, ஏரோபிரஸ் குழாயைச் சுற்றிக் கம்பளிக் குல்லாவைப் போர்த்தி, மூன்று நிமிடம் ஊறவிட்டு அழுத்தினேன். புளிப்பு போய் ஒரு பழ வாசனை வந்தது. இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார்.

இதற்குக் காரணம் எளிது. சூடு குறைந்தால் அதை நைஸான அரைவையாலும் கூடுதல் நேரத்தாலும் ஈடுகட்டலாம். நைஸ் தூள் சாதாரண வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும். இங்கே கையால் அழுத்துவதால் இறங்கிவிடுகிறது. ஆட்லரே 80 டிகிரித் தண்ணீரைத்தான் பரிந்துரைத்தார். அப்போதிலிருந்து உயரமான இடங்களுக்கு நடுத்தரமாகவோ கொஞ்சம் கருக்கவோ வறுத்த கொட்டையைத்தான் எடுத்துப்போகிறேன்.

என் கணக்கு: 15 கிராம் தூள், 220 மில்லி தண்ணீர், ஒரு கிளறல், ஒன்றரை நிமிடம், அப்புறம் 30 விநாடி நிதானமான அழுத்தம். உஸ் என்று காற்றுச் சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். கோப்பையை முதலில் வெந்நீரில் அலசிச் சூடாக்கிக்கொள்வது அவசியம். குளிரில் கிடந்த உலோகக் கோப்பை பாதிச் சூட்டைக் குடித்துவிடும்.

மற்ற நான்கில் வெறும் பாத்திரத்தை நான் மதிக்கிறேன். ஏரோபிரஸ் ஒரு தடவைக்கு ஒரு கோப்பைதான் தரும். நான்கு பேர் காத்திருந்தால் நான்காவது ஆள் குடிக்கும்போது முதல் ஆள் நடக்கத் தொடங்கியிருப்பார். அப்போது பாத்திரம்தான். ஒரு லிட்டருக்கு 60 கிராம், கொரகொரப்பான தூள். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் விட்டுத் தூளைப் போட்டு, கிளறி, மூடி, நான்கு நிமிடம் தொடாமல் இருங்கள். பிறகு மேலே மிதக்கும் படலத்தை ஒரு தடவை கிளறிவிட்டு, இரண்டு கரண்டி குளிர்ந்த தண்ணீரைத் தெளித்தால் சக்கை அடியில் இறங்கும். மெதுவாகச் சாய்த்து ஊற்றி, கடைசி அரைக் கோப்பையைப் பாத்திரத்திலேயே விட்டுவிட வேண்டும். தூளைப் போட்ட பிறகு கொதிக்கவிடாதீர்கள். பாத்திரக் காபி கசக்கும் என்று பலர் ஒதுக்குவதற்கு அந்தக் கொதிதான் காரணம்.

மோகா பாட்டின் ருசியில் குறையே இல்லை. 1933-ல் இத்தாலியில் பியலெட்டி நிறுவனத்தில் பிறந்த அந்த எண்கோண வடிவம் எனக்கு மிகவும் பிடிக்கும். கீழ் அறையில் நீராவி அழுத்தம் ஏறி, தண்ணீரைத் தூள் வழியாக மேலே தள்ளும். கெட்டியான டிகாக்ஷன் கிடைக்கும். ஆனால் என்னுடையது 410 கிராம். அடி சின்னதாக இருப்பதால் மூன்று கால் கேஸ் அடுப்பில் ஆடும். ஆறிய பிறகுதான் திறந்து கழுவ முடியும். காரை டென்ட் பக்கத்திலேயே நிறுத்தும் பயணங்களுக்கு அதை இன்றும் எடுத்துப்போகிறேன், முதுகில் சுமப்பதில்லை.

சிலிகான் வடிகட்டி எனக்கு ஏமாற்றம். எடை எதுவும் இல்லை, தட்டையாக மடங்கும், சரி. ஆனால் நின்று நிதானமாக ஊற்றக் காற்றில்லாத இடமும் மெல்லிய வாய் உள்ள கெட்டிலும் வேண்டும். ஒரு விடியற்காலையில் காற்று அதைக் கோப்பையோடு கவிழ்த்தது. கையில் இருந்த கடைசித் தூள் புல்லில் போனது.

இன்ஸ்டன்ட் தூள் இரண்டு பொட்டலம் எப்போதும் என் பையின் மேல் ஜிப்பில் இருக்கும். மழையில் நின்றுகொண்டே குடிக்கும் நாட்களில் அதற்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

எந்தக் கருவியாக இருந்தாலும் தூள் பழசானால் பயனில்லை. கை அரவை இயந்திரம் ஒன்று வைத்திருந்தேன். நடுவழியில் அதன் கைப்பிடி திருகு கழன்று புதரில் தொலைந்தது. இப்போது குறுகிய பயணங்களுக்குக் கிளம்பும் முந்தின இரவு வீட்டிலேயே அரைத்து, 15 கிராம் பொட்டலங்களாகக் காற்றுப் புகாமல் கட்டிவிடுகிறேன். மூன்று நாள் வரை நன்றாகவே இருக்கிறது, ஐந்தாம் நாள் வாசனை மெலிந்துவிடும். அதற்கு மேல் நீளும் பயணத்துக்கு மட்டும் புதிதாக வாங்கிய அரவை இயந்திரம் வருகிறது.

அடுப்பு விஷயத்தில் சிலவற்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கேஸ் குப்பியில் இருக்கும் பியூட்டேன் பூஜ்ய டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். உறைகுளிர் இரவுகளில் கேஸ் குப்பியை ஸ்லீப்பிங் பேக்குக்குள் என்னோடு படுக்கவைத்துக்கொள்வேன். குப்பியின் மேலேயே திருகும் அடுப்பைக் காற்றுத்தடுப்பால் முழுக்கச் சுற்றி மூடாதீர்கள், குப்பி சூடேறி வெடிக்கும் ஆபத்து உண்டு. எவ்வளவு குளிராக இருந்தாலும் டென்டுக்குள் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஓடைத் தண்ணீர் என்றால் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள், 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். பிறகு ஆறவிட்டுக் காபிக்கு எடுக்கலாம்.

சக்கையை நான் புதைப்பதில்லை. விலங்குகள் தோண்டிவிடும். வில்லைகளை ஒரு ஜிப் பையில் போட்டு ஊருக்கே கொண்டுவந்துவிடுகிறேன். கெட்டியாக இருப்பதால் பையில் ஒழுகுவதும் இல்லை.

ஒரு வடிதாளை அலசி மூன்று தடவை தாராளமாகப் பயன்படுத்தலாம். இரண்டு பேர், ஐந்து நாள், காலையும் மாலையும் என்றால் 20 கோப்பை, ஏழு தாள். எட்டாவதாக ஒன்று சேர்த்து வைக்கிறேன், எப்படியும் ஒன்று காற்றில் பறந்துவிடும்.