டெக் மக்கிப்போன பழைய பைபர் போட்: ஊசி போடுவதா, மேலே மூடுவதா, வெட்டித் திறப்பதா?

கடலில் ஓடும் பைபர் போட்டைவிட, நம் அணைத் தண்ணீரில் கிடக்கும் போட்டின் டெக்தான், அதாவது மேல்தளம்தான், சீக்கிரம் மக்கும். சொன்னால் பலரும் நம்புவதில்லை. உப்பு பூஞ்சைக்கு ஆகாது. காவிரித் தண்ணீரும் மழைத் தண்ணீரும் நன்றாகவே ஆகும். மேட்டூர், பவானிசாகர், ஆழியாறு என்று எந்தக் கரையானாலும், வேப்பமரத்தடியில் ஏற்றிப் போட்ட போட்டில் இலை விழுந்து வடிகால் துளை அடைத்துக்கொள்ளும். ஐப்பசி மழை முழுவதும் டெக்கின் மேல் குளமாக நிற்கும். அது போதும்.

பைபர் மக்குவதில்லை. மேலே ஒரு பைபர் தோல், கீழே ஒரு தோல், நடுவில் பிளைவுட் அல்லது பால்சா மரம் என்றுதான் பல பழைய டெக்குகளைக் கட்டியிருப்பார்கள். நடுவில் உள்ள பலகை இரண்டு தோலையும் இடைவெளி விட்டுப் பிடித்திருப்பதால்தான் டெக் விறைப்பாக நிற்கிறது. கயிறு கட்டும் கிளீட், சீட், கம்பி என்று எதையாவது திருகிய ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அந்தப் பலகை மக்கிவிட்டால், மிச்சம் இருப்பது இரண்டு மெல்லிய தகடுதான். மிதித்தால் அமுங்கும்.

எந்த வழி என்று முடிவு செய்யுமுன் தட்டிப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியே போதும். நல்ல இடம் ‘டங்’ என்று கேட்கும். “ஏனுங்ணா, இந்தக் கிளீட்டைச் சுத்தி டொப்புங்குது, கேக்குதுங்களா? இங்கிருந்துதானுங் தண்ணி எறங்கியிருக்குது” என்று மிஸ்திரி சாக்பீஸில் வட்டம் போட்டுக்கொண்டே போவார். வட்டத்துக்குள் மேல் தோலை மட்டும் துளைக்கும்படி சின்ன ட்ரில் பிட்டால் ஓட்டை போட்டால், வெளியே வரும் தூள் மீதியைச் சொல்லிவிடும். வெளுத்த உலர்ந்த தூள் என்றால் பலகைக்கு உயிர் இருக்கிறது. ஊறவைத்த புண்ணாக்கு மாதிரி கருப்பாக வந்தால் இல்லை. அப்படி வந்த இடத்திலிருந்து தள்ளித் தள்ளி, உலர்ந்த தூள் வரும்வரை துளைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதைவிட மக்கல் அகலமாகத்தான் இருக்கும்.

முதல் வழி ஊசி. வரிசையாக ஓட்டை போட்டு, நீர்த்த எப்பாக்சியை (இரண்டு திரவத்தைக் கலந்தால் கல்லாக இறுகும் ரெசின் பசை) சிரிஞ்சால் இறக்குவது. வெட்ட வேண்டாம், தூசி இல்லை, சொரசொரப்புத் தளம் கெடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தண்ணீர் குடித்த மரத்துக்குள் எப்பாக்சி போகாது. தண்ணீரைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும் சக்தி அதற்கு இல்லை. “ஈரோட்டுச் சித்திரை வெயிலில் காயவைத்துவிட்டு ஊற்றலாமே” என்பார்கள். இரண்டு பைபர் தோலுக்கு நடுவே அடைபட்ட மரம் எந்த வெயிலிலும் லேசில் காயாது, ஆவி வெளியேற வழி வேண்டுமே. கடைசியில் ஓட்டைகளைச் சுற்றி மட்டும் கல் மாதிரி இறுகியிருக்கும், நடுவில் அதே சொதசொதப்பு. உள்ளங்கை அளவுக்குள், உலர்ந்த மரத்தில், ஒரு திருகாணியைச் சுற்றி மட்டும் என்றால் ஊசி சரி. அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது, மக்கியது மக்கியபடியே இருக்க, மேலே புதுப் பலகை போட்டு மூடுவது. நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டிப் பழகியவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள். லாரிக்கு அது நியாயமும்கூட. போட்டுக்கு இல்லை. 12 மில்லிமீட்டர் கனமுள்ள எட்டுக்கு நாலு அடி பிளைவுட் ஒன்று ஏறக்குறைய 25 கிலோ. அப்படி இரண்டு மூன்றை டெக்கின் உயரத்தில் ஏற்றினால் போட் ஆட்டம் காணும். பழைய ஈரம் உள்ளேயே இருக்க, புதுத் திருகாணிகள் புது ஓட்டைகளைத் திறந்துவிடும். பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் நடுவே ஓடுவதுபோல ஆளையும் டூவீலரையும் ஏற்றும் படகென்றால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

மிஞ்சுவது வெட்டித் திறப்பது. என் ஓட்டு இதற்குத்தான். காரணம் ஒன்றுதான்: ஈரத்தைக் காயவைக்கும் கவலையே இல்லை, ஈர மரத்தையே எடுத்து வெளியே போட்டுவிடுகிறோம். நாலு இஞ்ச் கிரைண்டரில் மேல் தோலின் கனத்துக்கு மட்டும் ஆழம் வைத்து வெட்டி, தோலை முழுசாக எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். உளியும் சுரண்டியும் கொண்டு கீழ்த் தோல் தெரியும்வரை சுத்தம் செய்து, நன்றாகத் தேய்த்த பிறகு, புதுப் பலகையைக் கெட்டிப்படுத்திய எப்பாக்சியில் உட்கார வைத்து மேலே கனம் ஏற்றலாம். எடுத்த தோலையே திருப்பி ஒட்டினால், வெட்டு வாயில் தோலின் கனத்தைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து அதன்மேல் பைபர் துணி போட வேண்டும். 3 மில்லிமீட்டர் தோலுக்கு 36 மில்லிமீட்டர் சரிவு. இதில் கஞ்சத்தனம் செய்தால் இணைப்புக் கோட்டிலேயே விரிசல் விடும். கீழிருந்து வெட்டுவதும் உண்டு. மேல்தளம் அழகாக இருந்து, கீழே ஆள் படுக்க இடமும் இருந்தால் மட்டும். ரெசின் முகத்தில் சொட்டும்.

நடுவில் எதை வைப்பது? மெரைன் பிளை என்று கேட்டால் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டாலும் அடுக்கு பிரியாத பசை அதில் இருக்கும். பிரியாதது பசைதான், மருந்து ஏற்றியிருந்தாலும் மரம் மரம்தான். அதனால் இரு பக்கமும், முக்கியமாக ஓரங்களிலும், எப்பாக்சி பூசித்தான் உள்ளே வைக்க வேண்டும். பிவிசி ஃபோம், அதாவது பிளாஸ்டிக் நுரைப் பலகை, மக்கவே மக்காது. கன மீட்டருக்கு 80 கிலோ அடர்த்தியில் அதே எட்டுக்கு நாலு, 12 மில்லிமீட்டர் ஷீட் மூன்று கிலோகூட வராது. ஆனால் போல்ட்டை இறுக்கினால் நசுங்கும். கிளீட் வரும் இடத்தில் பிளைவுட்டோ கெட்டி பைபரோதான் வைக்க வேண்டும். எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் சரக்கும் அல்ல.

கோயம்புத்தூர் இன்டீரியர் கடைக்காரர் “டபிள்யூபிசி போடுங்க, தண்ணியே புடிக்காது” என்பார். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை அது. தண்ணீர் பிடிக்காது, உண்மை. விறைப்பும் பிளைவுட் அளவுக்கு வராது, வெயிலில் இளகும். கப்போர்டுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

ரெசினில்தான் உண்மையான போட்டி. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் பாலியஸ்டர் ரெசினும் சாப்டு மேட்டும் (துண்டு துண்டான கண்ணாடி இழையை ஒட்டிச் செய்த விரிப்பு) வைத்து முகப்பு வார்க்கும் கைகள் தேர்ந்த கைகள். விலை குறைவு, ஆள் கிடைக்கும், வேலை வேகம். புதிதாக வார்ப்பதற்கு அது போதும். ஆனால் இறுகிப்போன பழைய பைபர் மேலும் மரத்தின் மேலும் எப்பாக்சி பிடிக்கிற பிடி பாலியஸ்டருக்கு வராது. எப்பாக்சி விலை இரண்டு மடங்குக்கு மேல், இறுகவும் நேரமெடுக்கும். வெயில் பட்டால் மாவாக உதிரும் என்பதால் மேலே பியூ (பாலியூரிதேன்) பெயின்ட் அடித்தே ஆகவேண்டும். அப்படியும் இந்த வேலைக்கு எப்பாக்சிதான். பஸ் பாடி மிஸ்திரியையே அழைக்கலாம், சாப்டு மேட்டை மட்டும் தவிர்க்கச் சொல்ல வேண்டும். அந்த மேட்டை ஒட்டி வைத்திருக்கும் பசை பாலியஸ்டரில் கரையும், எப்பாக்சியில் சரியாகக் கரையாது. நெய்த துணியோ தைத்த துணியோ போடலாம்.

காசு இல்லை, பாலியஸ்டர்தான் என்று முடிவானால் ஒரு எச்சரிக்கை. பாலியஸ்டரை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட் சேர வேண்டும். கோடையில் தகரக் கொட்டகைக்குள் இரண்டு சதவீதம் கேட்டலிஸ்ட் ஊற்றினால் பிரஷ் டப்பாவிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒரு சதவீதத்தையொட்டி வைத்துக்கொண்டு காலையிலேயே வேலையை முடித்துவிட வேண்டும். எப்பாக்சியோடு கலக்கும் ஹார்டனரும் மெதுவானதே நல்லது. கலந்ததைக் குவளையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் புகைந்துவிடும். தட்டையான தட்டில் பரப்பிக்கொண்டால் நேரம் கிடைக்கும்.

மாதம் என்று பார்த்தால் தை, மாசி. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தை உறிஞ்சினாலும், ஈர ரெசின்மேல் புழுதியை வாரி ஒட்டிவிடும்.

அப்புறம், எந்த வழியில் போனாலும் கிளீட்டைத் திருப்பி மாட்டும்போது நேராகத் திருக வேண்டாம். தேவையைவிடப் பெரிய ஓட்டையாகப் போட்டு, கெட்டி எப்பாக்சியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவே போல்ட் அளவுக்குத் துளைக்க வேண்டும். இடுக்கை அடைக்கும் சீலன்ட் பிய்ந்தாலும் தண்ணீர் எப்பாக்சியைத்தான் தொடும், பலகையை அல்ல.