மொட்டை மாடி மணலுக்கு ஒரு கை ப்ளோயர்

கடலூர்க் கடற்கரையை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும்: காலையில் கூட்டிய மொட்டை மாடி சாயங்காலமே காலில் நறநறக்கும். இடுப்பு வலி தாங்காமல் சித்திரையில் திருப்பாதிரிப்புலியூர் கடை ஒன்றில் 600 வாட் கை ப்ளோயர், அதாவது குழாய் வழியாகக் காற்றை ஊதித் தூசு மணலைத் தள்ளும் மின்கருவி, வாங்கினேன். 1,350 ரூபாய்.

முதல் நாள் ஏமாற்றம்தான். குழாயைச் செங்குத்தாகத் தரைக்கு நேரே பிடித்தேன். மணல் நாலாபக்கமும் சிதறிப் பாதி என் புடவையில். வேடிக்கை என்னவென்றால், குழாய்க்கு நேர் கீழே ரூபாய்க் காசு அகலத்துக்கு மணல் அசையாமல் கிடந்தது. காற்று மோதும் நடுப்புள்ளியில் வேகமே இல்லை. அங்கிருந்து விலகித்தான் அது ஓடத் தொடங்குகிறது.

பாலிடெக்னிக் படிக்கும் அக்கா மகன் பார்த்துவிட்டு, "சாய்ச்சுப் பிடிங்க சித்தி" என்றான். கணக்கும் போட்டான். தட்டையான காற்றுப் பட்டை, உராய்வு இல்லை என்று வைத்துக்கொண்டால், தரையோடு 60 டிகிரி சாய்வில் நூற்றுக்கு 75 பங்கு முன்னால் போகும், 25 பின்னால் வரும். 30 டிகிரி என்றால் 93 முன்னால், 7தான் பின்னால். நம் குழாய் உருண்டை. பக்கவாட்டிலும் கொஞ்சம் கசியும். ஆனாலும் 30க்குச் சாய்த்ததும் புடவை தப்பியது.

இன்னொன்றும் கவனித்தேன். மோதிய காற்று தரையை ஒட்டியே ஓடுகிறது. ஒரு கஜம் தள்ளித் தரையில் ஒட்டிய காகிதத் துண்டு படபடக்கிறது, முழங்கால் உயரத்தில் பிடித்தால் சும்மா தொங்குகிறது. மணலுக்கு அதுதானே வேண்டும்! போகப்போக அக்கம்பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு தளர்ந்துவிடுவதால், மணல் அலை ஒதுக்கியதுபோல வளைகோடாக நிற்கும். நாமும் பின்னாலேயே நடக்க வேண்டும்.

குறைகள்: காது அடைக்கும் சத்தம். காற்று உறிஞ்சும் வாய் பக்கவாட்டில் இருப்பதால் முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். ஐந்தாம் மாதமே மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்து தீய்ந்த வாடை. அதற்கு வாரண்டி கிடையாதாம். ஈர மணலிடம் இதன் பாச்சா பலிக்காது, மழைக்காலத்தில் துடைப்பம்தான்.

அப்புறம், கைப்பிடிச் சுவர் வரைக்கும் ஓட்டாதீர்கள். காற்று சுவரில் முட்டி மேலே ஏறும். அது தெரியாமல் பக்கத்து வீட்டு அக்கா காயவைத்த கூழ் வத்தல் மேல் மணலைக் கொட்டிவிட்டேன். ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது ஓரடிக்கு முன்பே நிறுத்தி, மிச்சத்தை முறத்தில் அள்ளிவிடுகிறேன்.